நடுகல் படங்கள் நிறைய இருக்கின்றன, இணையத்தில் போட வழி சொல்லுங்கள்

தகடூர் நூலகர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வரலாற்றுத் துறை மாணவர்கள் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை பக்கம் அவரவர் ஊரில் இருக்கும் நடுகற்களைப் பல வருடமாகப் படம் பிடித்து வருகிறார்கள். கொஞ்சம் படங்கள் துறையின் ஹார்டு டிஸ்க்கில், கொஞ்சம் படித்து முடித்துப் போனவர்களின் போனில், மிச்சமெல்லாம் வாட்ஸ்அப் குழுவில். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பல கற்களின் வாசகங்களைப் படித்து வேர்டு கோப்பில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார், அதுவும் பழைய எழுத்துருவில் இருப்பதால் இப்போது திறந்தால் ஏதோ ஆங்கில எழுத்துகள்தான் தெரிகின்றன.

இந்த வருடம் இதற்கென்று சிறு தொகை கிடைத்திருக்கிறது. தேடுகிற வசதி, வரைபடம் எல்லாம் வைத்து ஓர் இணையதளம் செய்துவிடலாம் என்று கல்லூரியில் சொல்கிறார்கள், ஒரு நிறுவனத்திடம் விலையும் கேட்டாயிற்று. எனக்கு என்னவோ முதலில் வேறு ஏதோ செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் அது என்னவென்று கூட்டத்தில் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. முப்பரிமாணப் படம் எடுக்க வேண்டுமா, எந்த மென்பொருள் நல்லது, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்று, இதில் பாதிக்கு மேல் ஊர்க்காரர்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிற கற்கள்.

—

சுவடி மேசை எழுதியது:

தோழி, உங்களுக்குத் தோன்றியது சரி. விலை கேட்டதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள், தளம் கடைசியில் வர வேண்டியது. நான் சென்னையில் மின்னூலகப் பணியில் இருக்கிறேன், இந்த விஷயத்தில் மனம் நொந்து போன அனுபவம் உண்டு. ஒரு கல்லூரியில் ஓலைச்சுவடிப் படங்களை வைத்து அழகான தளம் ஒன்று செய்தார்கள். திட்டப் பணம் தீர்ந்ததும் டொமைன் கட்டணம் கட்ட ஆளில்லை, தளம் போய்விட்டது. படங்கள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் எது எந்தச் சுவடியின் எத்தனையாவது ஏடு என்கிற விவரம் முழுக்க அந்தத் தளத்தின் டேட்டாபேஸுக்குள் மட்டுமே இருந்தது, அதை யாரும் தனியாக எடுத்து வைக்கவில்லை. இப்போது அவர்களிடம் இருப்பது வெறும் படக் குவியல்.

அதனால் முதல் வேலை அட்டவணை. எக்செல் போதும், லிப்ரே ஆபீஸ் இருந்தால் இன்னும் நல்லது, மாதம் ஒருமுறை சிஎஸ்வி கோப்பாகவும் (எந்த மென்பொருளும் படிக்கிற வெற்றுரை அட்டவணை) சேமித்து வையுங்கள். ஒரு வரிசைக்கு ஒரு படம் என்று போடாதீர்கள், ஒரு வரிசைக்கு ஒரு கல். படங்களுக்கு வேறு தாள், அதில் ஒவ்வொரு படத்துக்கும் எதிரே கல்லின் எண். அந்த எண்ணில் ஊர்ப் பெயரையோ வட்டத்தின் பெயரையோ சேர்க்க வேண்டாம், வெறும் தொடர் எண்ணாக இருக்கட்டும். இன்றைக்கு வயலில் நிற்கிற கல் நாளைக்கு அருங்காட்சியகத்துக்குப் போகும், வட்டத்தையும் பிரிப்பார்கள், எண் மாறக்கூடாது.

உங்கள் பக்கத்தில் இந்த இடப்பெயர் விவகாரம் கொஞ்சம் கூடுதலாகவே படுத்தும். 1965-க்கு முந்தைய குறிப்பு எதை எடுத்தாலும் சேலம் மாவட்டம் என்றுதான் இருக்கும். அந்த ஆண்டு அக்டோபர் 2-ல் தருமபுரி தனி மாவட்டமானது, அப்புறம் 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆக ஊத்தங்கரையில் இருக்கிற ஒரே கல்லுக்கு மூன்று காலத்து நூல்களில் மூன்று மாவட்டப் பெயர் வரும், மூன்றும் அந்தந்தக் காலத்துக்குச் சரி. வெளியீட்டில் உள்ளபடி இடம் என்று ஒரு பத்தி (அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசை), இன்றைய ஊர், வட்டம், மாவட்டம் என்று தனிப் பத்திகள் வையுங்கள். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்திருக்கிறது, அதையும் சேர்த்துவிட்டால் பட்டியா பாடியா, இரண்டு சுழி னகரமா மூன்று சுழி ணகரமா என்கிற குழப்பமெல்லாம் தீர்ந்துவிடும்.

பத்திகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டப்ளின் கோர் என்று 15 கூறுகள் கொண்ட ஒரு பொதுத் தரம் 1995-லிருந்து இருக்கிறது, உலகம் முழுக்க நூலகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. தலைப்பு, படைத்தவர், தேதி, இடம், உரிமை என்று அதனுடன் பொருத்திவிட்டால் பின்னால் எந்த மென்பொருளுக்கும் மாற்றலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களை மூலப் படமாக எண்ணாதீர்கள். அங்கே படம் சுருங்கிவிடும், படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி, இட விவரமும் போய்விடும். எடுத்தவர்களிடம் இன்னும் அசல் இருந்தால் ஆவணம் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள், அதில் கோப்பு அப்படியே வரும். யார் எடுத்த படம் என்று அந்த மாணவரின் பெயரும் அட்டவணையில் இருக்க வேண்டும், தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் மூன்று பிரதி, அதில் ஒன்று கல்லூரிக்கு வெளியே.

பழைய எழுத்துரு பெரிய சிக்கல் இல்லை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்கும் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தவை, மாற்றித் தருகிற இலவசக் கருவிகள் நிறைய இருக்கின்றன. 2010-லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று, ஆனால் அதற்கு முன் தட்டச்சு செய்த ஆய்வேடுகளும் குறிப்புகளும் இப்படித்தான் நிறையக் கல்லூரிகளில் படிக்க முடியாமல் முடங்கிக் கிடக்கின்றன.

—

ஓசூர் நிரலாளன் எழுதியது:

மேடம், அட்டவணை பற்றிச் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். முப்பரிமாணம் கேட்டீர்களே, அதைப் பற்றிச் சொல்கிறேன். கல்லைச் சுற்றி வந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்துடன் பாதிக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற மாதிரி வரிசையாக எடுத்தால் மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் அதிலிருந்து முப்பரிமாண வடிவம் செய்து தரும். போன் கேமராவே போதும், ஆனால் கணினியில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழு வடிவம் வராது.

என்னைக் கேட்டால் தேய்ந்த எழுத்துக்கு அதைவிடப் பயன்படுகிற முறை வேறொன்று. கேமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, வெளிச்சத்தை மட்டும் கல்லைச் சுற்றிப் பல கோணங்களில் மாற்றி மாற்றிப் படம் எடுப்பது. பக்கத்தில் பளபளப்பான கருப்பு உருண்டை ஒன்றை வைத்தால், அதில் தெரியும் ஒளிப்புள்ளியை வைத்து வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மென்பொருள் கணக்குப் போட்டுக்கொள்ளும். பிறகு கணினித் திரையில் நீங்களே வெளிச்சத்தை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம், நேர் வெயிலில் கண்ணுக்கே தெரியாத கீறல் எழுத்தாக எழும்பி வரும். 2001-ல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழு வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. பார்க்கும் மென்பொருள் இலவசம். செலவு முக்காலிக்கும் ஒரு நல்ல டார்ச்சுக்கும்தான், ஆனால் பகலில் சரியாக வராது, பொழுது சாய்ந்த பிறகு போக வேண்டும்.

தளம் செய்யும் நேரம் வந்தால் ஒமேக்கா பாருங்கள், அருங்காட்சியகம், நூலகம் போன்ற இடங்களுக்காகவே செய்த திறமூல மென்பொருள், டப்ளின் கோர் அதிலேயே இருக்கிறது, சிஎஸ்வியை நேராக உள்ளே ஏற்றலாம்.

இன்னொரு யோசனை. உங்களிடம் படமும் இருக்கிறது, வாசகமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணினிக்குப் பயிற்சி கொடுத்து கற்களில் இருக்கும் பழைய வட்டெழுத்து வடிவத்தைத் தானாகப் படிக்க வைக்கலாமே? அச்சிட்ட தமிழை, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் இப்போது நன்றாகவே படிக்கிறது. இதைச் செய்தால் மற்ற ஊர்க் கற்களையும் மாணவர்களே படித்துவிடுவார்கள். யாராவது சேர்ந்து செய்ய வந்தால் நான் வார இறுதியில் உட்காரத் தயார்.

—

மைப்படி எழுதியது:

அம்மா, நான் கல்வெட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். தம்பி சொன்ன ஒளி மாற்றும் முறை அருமையானது, எங்கள் காலத்தில் இருந்திருந்தால் எத்தனையோ வரிகளைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் பெரும்பாலான கற்களுக்கு அவ்வளவு தேவைப்படாது. காலை ஏழு எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது நேர் எதிரே நின்று, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுத்த படமே போதும். வெயில் இல்லாவிட்டால் கல்லை ஒரு போர்வையால் நிழல்கட்டி, பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எதுவும் வேண்டாம். இளைஞர்கள் ஆர்வத்தில் செய்துவிடுகிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. சாக்பீஸால் வரைகிறவர் தான் படித்த எழுத்தைத்தான் வரைகிறார், அடுத்தவர் வந்து வேறு விதமாகப் படிக்க வழியே இல்லாமல் போகிறது. மைப்படி எடுப்பதும் பயிற்சி உள்ளவர்கள் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை. ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டிக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பதற்குக் கை பழக வேண்டும்.

வாசகத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பேராசிரியரின் கோப்பை யூனிகோடுக்கு மாற்றியதும் அப்படியே வரி பிரிக்காமல் ஒட்டிவிடாதீர்கள். கல்லில் வரி எங்கே முடிகிறதோ அங்கே முடித்து வரி எண் போடுங்கள். கல்லில் தெளிவாகத் தெரிவது எது, மங்கலாகத் தெரிவது எது, உடைந்து போன இடத்தில் படித்தவர் ஊகித்து நிரப்பியது எது என்று மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். இதற்கு அடைப்புக்குறியும் புள்ளியும் வைத்து எழுதும் லெய்டன் முறை 1931-லிருந்து இருக்கிறது, அதையே கணினிக்குப் புரிகிற எக்ஸ்எம்எல் குறிகளாக்கியது எபிடாக். ஐரோப்பிய ஆய்வு நிதியில் 2019-ல் தொடங்கிய தர்மா என்ற திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளையும் அந்த முறையில் குறியிட்டிருக்கிறது. நீங்கள் இப்போதே எக்ஸ்எம்எல் பழக வேண்டும் என்று சொல்லவில்லை, அடைப்புக்குறிகளை ஒழுங்காகப் போட்டு வைத்தாலே போதும், பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தொல்லியல் துறை வெளியிட்ட கல்லாக இருந்தால் அவர்கள் கொடுத்த ஆண்டும் வரிசை எண்ணும் கட்டாயம் குறிக்க வேண்டும். இரா. நாகசாமி பதிப்பித்த செங்கம் நடுகற்கள் என்ற நூல் 1972-ல் வந்தது, தருமபுரிக் கல்வெட்டுகளுக்கும் துறை வெளியீடு உண்டு. உங்கள் மாணவர் படமெடுத்த கல் அதில் இருக்கிறதா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே பதிவான கல்லைப் புதிய கண்டுபிடிப்பு என்று செய்தித்தாளில் போட்டுவிடுவார்கள்.

வாசகம் மட்டும் போதாது, சிற்பத்துக்கும் தனிப் பத்தி வேண்டும். பக்கத்து திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, எருமைகளுக்காகச் சண்டையிட்டு இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுடையது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும் அந்த நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது! அரசன், ஆண்டு, ஊர் என்று மட்டும் பத்தி வைத்த அட்டவணையில் நாய் என்று தேடினால் இந்தக் கல் வராது. வில்லா வாளா, அம்பு எங்கே தைத்திருக்கிறது, காலடியில் மாடு இருக்கிறதா, கிண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் (சிறு மூடிப் பெட்டி) செதுக்கியிருக்கிறதா, பார்த்ததை எழுதுங்கள். எழுத்தே இல்லாத கற்கள் நம் பக்கம் ஏராளம், அவற்றுக்கு இந்தப் பத்தி ஒன்றுதான் அடையாளம்.

கணினி வட்டெழுத்து படிப்பது பற்றி. தம்பி, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் நடுகல்லில் எழுத்து ஒவ்வொரு தச்சன் கையிலும் ஒவ்வொரு மாதிரி வரும், அதிலும் வீரன் உருவத்துக்கு இடம்விட்டு மேலேயும் பக்கத்திலும் வளைந்து ஓடும். கணினிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமென்றால் முதலில் எந்தப் படத்தில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று ஆள் உட்கார்ந்து குறித்துக் கொடுத்தாக வேண்டும். அந்தக் குறிப்பு இருந்தால் கணினி படிக்காவிட்டாலும் நமக்குப் பயன், இல்லாவிட்டால் கணினியும் ஒன்றும் செய்யாது. ஒரே வரியை இரண்டு பேர் வேறு வேறாகப் படித்திருந்தால் இரண்டையும் அவரவர் பெயரோடு வையுங்கள், ஒன்றை அழிக்க வேண்டாம்.

—

கல்லாவிப் பக்கம் எழுதியது:

மேடம், எனக்கு ஊத்தங்கரை வட்டம். எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் வேடியப்பன் இருக்கிறார், மாணவனாக இருந்தபோது நானே படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மேலே எல்லோரும் கல்லைப் பற்றியே பேசினார்கள், கும்பிடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, துண்டு கட்டி இருக்கும் கல்லிடம் போய் இதையெல்லாம் கழுவினால்தான் எழுத்து தெரியும் என்று கேட்காதீர்கள். ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒருவர் பூசாரியைக் கேட்காமல் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டார், அதற்குப் பிறகு எங்கள் ஊரில் கேமராவோடு யார் வந்தாலும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முதலிலேயே சொல்லி, பூசைக்கு முன்பு அவர்களே நீராட்டும் நேரத்தில் போனால் எழுத்தையும் எடுத்துவிடலாம், அலங்காரம் முடிந்த பிறகு அதையும் எடுக்கலாம். இரண்டு படமும் வேண்டும். அலங்காரத்தோடு இருப்பதும் அந்தக் கல்லின் வரலாறுதான்.

வரைபடத்தில் புள்ளி வைக்கிறேன் என்று துல்லியமான இடத்தைப் பொதுவில் போட்டுவிடாதீர்கள். கல்லுக்கடியில் புதையல் இருக்கிறது என்று தோண்டுகிறவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், பழங்காலத்து ஈமக் கற்திட்டைகளைப் புரட்டிப் போட்டிருப்பதை மலைக்குப் போனவர்கள் எல்லாம் பார்த்திருப்பீர்கள். ஜிபிஎஸ் எண்ணை உங்கள் அட்டவணையில் வையுங்கள், தளத்தில் ஊர்ப் பெயர் மட்டும் போதும். படத்துக்குள்ளேயும் அந்த எண் பதிந்திருக்கும், ஏற்றும் முன் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஊர்க்கதை. எங்கள் ஊர் வேடியப்பன் புலியோடு சண்டை போட்டுச் செத்தவர் என்று என் பாட்டி சொல்வார், கல்லிலோ தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டு இறந்தான் என்றுதான் இருக்கிறது. எது சரி என்று முடிவு கட்ட வேண்டாம், பாட்டி சொன்னதைக் குரலாகப் பதிவு செய்து, அவர் சம்மதத்தையும் அதே பதிவில் கேட்டு வாங்கி, கல்லின் எண்ணோடு சேர்த்து வையுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் கன்னடத்திலும் தெலுங்கிலும் கதை வரும், கல்லே கன்னட எழுத்தில் இருக்கும். அதை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்யுங்கள், தமிழில் சுருக்கம் மட்டும் எழுதினால் போதாது. வேலை முடிந்ததும் அந்தந்தக் கல்லின் படத்தையும் வாசகத்தையும் ஒரு தாளில் அச்சடித்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுங்கள். நாங்கள் கொடுத்த படம் எங்கே போனது என்று எங்கள் ஊரில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

—

தகடூர் நூலகர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்தத் திரியை அப்படியே அச்சடித்துக் கூட்டத்தில் வைத்தேன். தளத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டு, கிடைத்த தொகையில் இரண்டு ஹார்டு டிஸ்க், முக்காலி, மீதியை மாணவர்களின் பயணச் செலவுக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். கல்லாவித் தம்பி, உங்கள் ஊர்ப் படத்தையும் தேடி எடுக்கிறேன், அச்சடித்துத் தருவது எங்கள் பொறுப்பு.

இரண்டு சந்தேகம். வேடியப்பன் என்ற பெயரை எந்தப் பத்தியில் போடுவது? அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்களுக்கு யாரைக் கேட்க வேண்டும்?

—

சுவடி மேசை எழுதியது:

ஊரில் வழங்கும் பெயரைத் தலைப்பிலேயே போடுங்கள், இன்ன ஊர் வேடியப்பன் கல் என்று. ஆய்வாளர் வைத்த பெயர் மாற்றுத் தலைப்பாக இருக்கட்டும், தேடும்போது இரண்டும் வரும். ஊர்க்காரர் தேடினால் தன் சாமி கிடைக்க வேண்டும் இல்லையா.

அனுமதி இரண்டு இடத்தில். தருமபுரியில் இருப்பது தொல்லியல் துறை தானே நடத்தும் காட்சியகமான அகழ்வைப்பகம், கிருஷ்ணகிரியில் இருப்பது அருங்காட்சியகங்கள் துறையின் அரசு அருங்காட்சியகம், துறையே வேறு என்பதால் தனித்தனியாக எழுத வேண்டும். கடிதத்தில் படமெடுக்க அனுமதி என்று மட்டும் கேட்காமல், இணையத்தில் வெளியிடவும் பிறர் பயன்படுத்தவும் அனுமதி என்று சேர்த்தே கேளுங்கள், இல்லாவிட்டால் தளம் வரும்போது மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். வந்த பதிலை ஸ்கேன் செய்து அதற்கும் ஓர் எண் கொடுத்து, அட்டவணையின் உரிமைப் பத்தியில் குறித்துவிடுங்கள்.

படம் எடுப்பதற்கு முன்னால் பேராசிரியரின் கோப்பை முடித்துவிடுங்கள். மாற்றும் கருவி ஒற்றெழுத்தையும் கிரந்த எழுத்தையும் சில இடங்களில் தப்பாகப் போடும், அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சரிபார்த்தால்தான் உண்டு. ஒவ்வொரு வாசகத்தையும் அவர் நேரில் கல்லைப் பார்த்துப் படித்தாரா, மைப்படியைப் பார்த்துப் படித்தாரா என்றும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.